வெள்ளிக் காகித ஃபியூஸ்

1979-இல் ஆம்பூர்ப் பக்கக் கிராமங்களுக்குப் போகும் மருத்துவ வேனில் நான் எழுத்தர். படுக்கை, சமையல் எல்லாம் வேனிலேயே. டிரைவர் தங்கராஜ் என் பத்து வருட நண்பன். ஃபியூஸ் அடிக்கடி போனதால் மாற்றச் சொன்னேன்.

“புதுசு போட்டுட்டேன்பா. எழுதிக்கோ, இல்லன்னா உனக்குத் தூக்கம் வராதே!” என்று சிரித்தான். வேன் பராமரிப்பு நோட்டில் தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் காலை, காய்ச்சலோடு வந்த எங்கள் வேன் நர்ஸ் எஸ்தர், “உள்ள படுக்கலாமா சார்? வயர் சூடாவாதே?” என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். படுத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் நாற்றம் வந்தது. “இன்னா நாத்தம்பா?” என்றேன்.

“தோல் ஷாப் பக்கத்துல வேற இன்னா வரும்?” என்றான் தங்கராஜ். தோல் பதனிடும் நாற்றத்திலேயே வளர்ந்த என் மூக்கும் அதை நம்பியது.

புகையைப் பார்த்த பிறகுதான் ஓடினேன். எஸ்தரை வெளியே இழுத்தேன், பேட்டரி வயரைப் பிடுங்கினேன், மணலை அள்ளிக் கொட்டினேன். உயிர் தப்பினார், வலது கை வெந்துவிட்டது.

ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம் மடித்துச் செருகியிருந்தது. ஃபியூஸ் போல அது உருகி அறுந்துபோகாததால் வயர் எரிந்திருக்கிறது.

“கடை மூடியிருந்துச்சு. ஒரு நாளைக்குத்தானேன்னு...” என்றான் தங்கராஜ்.

இப்போதெல்லாம் கண்ணால் பார்க்காததை, ‘போட்டதாகச் சொன்னார்’ என்றே எழுதுகிறேன். அந்தப் பழைய வரியை மட்டும் அடிக்கவில்லை. எஸ்தர் நம்பியது தங்கராஜை அல்ல, என் கையெழுத்தை.