பூங்கொடி மெயினை இறக்காமல் கை வைக்க மாட்டார்

செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கப் போன இடத்தில்தான் செய்தி தெரிந்தது. நம் ஆட்டையாம்பட்டிப் பூங்கொடி, அம்மாபேட்டையில் ஒரு வீட்டில் நனைந்துபோன ஜிப்சம் சுவரைப் பிரிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்துவிட்டார். சொன்னவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். கொஞ்சம் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். பாலை வாங்காமலே திரும்பிவிட்டேன். சாயங்காலத்துக்குள் அதையே இன்னும் நாலு பேர் சொல்லிவிட்டார்கள். கவனக்குறைவாம்.

அவரை வேலைக்குக் கூப்பிட்ட வீடுகள் நம் தெருவில் மட்டும் ஏழெட்டு இருக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன ஐப்பசி மழையில் எங்கள் மாடி அறையின் ஜிப்சம் பலகைத் தடுப்புச் சுவர் ஊறிப்போனது. மகளைப் பெண் பார்க்க ஆட்கள் வருவதற்கு நாலு நாள்தான் இருந்தது. கறை தெரியாமல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் போதும் என்றேன். பூங்கொடி கட்டைவிரலால் சுவரை அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. "பெயிண்டு அடிச்சா கறை போயிருமுங்க சார், ஈரம் போவாதுங்க" என்றார். வாத்தியாருக்கே பாடமா என்று எனக்கு எரிச்சல். அவர் அசையவில்லை. ஊறிய பலகையை அறுத்தெடுக்க வேண்டும், ஒழுகும் இடத்தை அடைக்க வேண்டும், உள்ளே முழுக்கக் காய வேண்டும், அப்புறம்தான் புதுப் பலகை என்றார். வந்தவர்களைக் கீழேயே உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பினோம். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

வேலையைத் தொடங்கும் முன் மெயின் சுவிட்சை அவரே இறக்குவார். வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் கூப்பிட்டு, தான் சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது என்பார். பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சுவருக்குள் கை விடுவார். அவரா கவனமில்லாதவர்?

அம்மாபேட்டையில் நடந்தது இது. கீழே பலகை இறக்கிக்கொண்டிருந்த அவர் கணவர் சண்முகம் சொன்னார். பூங்கொடி சுவருக்குள் கை விட்டிருந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது. நமக்குத் தெரியாதா? நாலு நாளைக்கு ஒருமுறை வருவதை மோட்டார் போட்டு உறிஞ்சாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் உறிஞ்சிவிடுவான். யாரோ ஓடிப்போய் மெயினை ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் ஓடும் சத்தத்தைச் சண்முகம் தன் காதால் கேட்டிருக்கிறார். இப்போது அந்த வீட்டுக்காரர்கள், பூங்கொடி மெயினை இறக்கவே இல்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். செத்தவரால் திருப்பிப் பேச முடியாது என்கிற தைரியம்.

நேற்று சண்முகம் என் வாசலில் வந்து நின்றார். "அவ மெயின இறக்காம கை வெக்க மாட்டான்னு நீங்க வந்து சொல்லுங்க சார். எம் பேச்ச ஆரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

சொல்ல எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் மாடிச் சுவரை அவர் பிரித்த அன்று என் வீட்டிலும் தண்ணீர் வந்தது. ஓடிப்போய் மெயினை ஏற்றியவன் நான். கத்தியை எடுக்கக் கையை வெளியே இழுத்திருந்த நேரம் என்பதால் பூங்கொடி தப்பினார். மோட்டார் சத்தம் கேட்டுப் படியிறங்கி வந்து, என் மனைவி முன்னாலேயே திட்டினார்.

"ஈரச் சுவத்துக்குள்ள கைய உட்டு வேல செஞ்சிட்டிருக்கறேன், நீங்க பாட்டுக்கு மெயினப் போடறீங்க. தண்ணி நாலு நா கழிச்சு மறுக்கா வருமுங்க சார். நான் வருவனுங்களா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு மாதம் தெருவில் அவரைப் பார்த்தும் பாராமல் போனேன். வெட்கங்கெட்டவன்.

கல்யாணம் வைத்திருக்கும் வீட்டில் ஸ்டேஷனுக்கெல்லாம் போக வேண்டுமா என்று மனைவி கேட்கிறாள். போகத்தான் வேண்டும். பூங்கொடியிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தத் திட்டு ஒன்றுதான். நாளைக் காலை சண்முகத்தோடு போய், ஒரு சொல் விடாமல் அதை எழுதிக் கொடுக்கப்போகிறேன். உங்கள் வீட்டிலும் திட்டியிருப்பார். எத்தனை பேர் வருகிறீர்கள்?