தம்பி விட்டுப்போன கார்

தெருவில் அவரைப் பாலீஷ் என்றுதான் சொல்வார்கள். பிழைப்பு லிஃப்ட் ரிப்பேர். உயிர் என்னவோ வீட்டு ஷெட்டில் நிற்கும் க்ரீம் நிறச் சின்னக் காரில் இருந்தது. கம்பெனியே கைகழுவிவிட்ட மாடல். துருப்பிடித்த எலும்புக்கூடாக வாங்கிவந்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். மனைவியின் முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று யாராவது கேட்டால் திருதிருவென விழிப்பார்.

மனைவி துணிக்கடையில் ஆல்ட்டரேஷன் தைப்பவள். யார் யாருடைய இடுப்பையோ பிடித்தும் பிரித்துவிட்டும் நாள் போகும். ஓரம் மடிக்காத துணியைக் கண்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற கரித்துணியாக இருந்தாலும் ஒரு தையல் ஓட்டிவிடுவாள். வீட்டில் அவளுக்கு இன்னொரு உத்தியோகம், டார்ச் பிடிப்பது. அவர் காருக்கடியில் மல்லாந்தபடி, "அங்க இல்ல, இங்க" என்பார். எது அங்கே, எது இங்கே என்பது நாளாக நாளாக அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது.

ஷெட்டில் இன்னொரு காரும் நின்றது. அதே மாடல், நீலம். அவளுடைய தம்பியுடையது. தாய் தகப்பன் போனபின் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பையன். கப்பல் சமையலறையில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது சாவியை அவளிடம்தான் கொடுத்தான். வாரம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிவிட்டால் போதும். திரும்பி வந்ததும் இதில் கடைகடையாக ரொட்டி போட்டுப் பிழைத்துக்கொள்வேன், அப்புறம் ஒருத்தனிடமும் கைகட்டி நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நீலக் காரிலிருந்து முதலில் போனது கார்புரேட்டர். க்ரீம் கார் நடுரோட்டில் படுத்துவிட, பாலீஷ் கடைகடையாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. சும்மாதானே நிற்கிறது, கிடைத்ததும் திருப்பி மாட்டிவிடுகிறேன் என்றார். மாட்டவில்லை. அப்புறம் ஸ்டார்ட்டர். அப்புறம் ரேடியேட்டர், கிளட்ச், ஒவ்வொன்றாக. எல்லாவற்றுக்கும் டார்ச் பிடித்தவள் அவள்தான். முதல் தடவை டார்ச் வெளிச்சம் இடம் தவறித் தவறிப் போனது. அடுத்த தடவை வெளிச்சம் ஆடவில்லை. கழற்றிய ஓட்டைகளில் எலி புகுந்துவிடக் கூடாதென்று தன் பழைய புடவையைக் கிழித்து அவளே அடைத்தும் வைத்தாள்.

தம்பி வந்து கேட்டால் என்ன சொல்வது என்று ஒருதரம் வாயைத் திறந்தாள். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தூக்கிவைத்த முகத்தை இறக்கிவைக்க ஒரு வாரம் பிடித்தது. அதன்பின் அவள் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் நீலக் காரைக் கழுவினாள். போனில் தம்பி விசாரிக்கும்போதெல்லாம், ஜம்மென்று இருக்கிறது என்றாள். வெளியே நின்று பார்த்தால் அது பொய்யும் இல்லை.

கப்பலில் வழுக்கி விழுந்து தம்பியின் இடுப்பெலும்பு உடைந்தது. இனி நின்று வேலைசெய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். உட்கார்ந்து ஓட்டலாம் அல்லவா, ரொட்டிக் கம்பெனியில் பேசி முடித்துவிட்டேன் என்றான் போனில். எடுத்ததையெல்லாம் திருப்பி மாட்டச் சொல்லி அவள் கணவரிடம் போய் நின்றாள். கழற்றினால் ரெண்டும் படுத்துவிடும் என்று முடித்துவிட்டார் அவர். அன்றைக்காவது தம்பியிடம் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். என்ன சமைத்து வைக்கட்டும் என்று கேட்டாள்.

வந்த மறுநாள் காலை, தடியை ஊன்றிக்கொண்டு அவன் காரைச் சுற்றிவந்தான். புதுசு மாதிரி இருக்கே என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தான். உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஒரு முனகல்கூட இல்லை.

"ரொம்ப நாளா நிக்குதுல்ல மாப்ள, பேட்டரி இறங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாலீஷ் டீயை ஊதத் தொடங்கினார்.

தம்பி இறங்கி பானெட்டைத் திறந்தான். வாயில் துணி அடைத்த ஆளைப் போல இருந்தது இன்ஜின். ஒரு துணியை உருவினான். பூப்போட்ட புடவைத் துண்டு. நான்கு ஓரமும் மடித்து, சீராகத் தைத்திருந்தது. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பாலீஷ் ஏதேதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் க்ரீம்ல பத்திரமா இருக்கு மாப்ள. ரெண்டும் சாகறதுக்கு ஒண்ணாவது பொழைக்கட்டும்னுதான்."

"கிட்னி எடுக்கறதுக்கு முன்னாடி ஆளை ஒரு வார்த்தை கேப்பாங்க மாமா" என்றான் தம்பி. சிரிக்கத்தான் பார்த்தான்.

அவள் உள்ளே போய் க்ரீம் காரின் சாவியைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதை எடுத்துட்டுப் போடா."

"அது என் பேர்ல இருக்கு" என்றார் பாலீஷ். குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் அவருக்கு அதற்கான தேவை வந்ததே இல்லை.

தம்பி சாவியை வாங்கவில்லை. "நீ சொல்லியிருந்தா நான் வேற ஏதாவது பாத்திருப்பேனேக்கா. ஜம்முனு இருக்குன்னியே."

அவள் நீட்டிய கையிலிருந்து சாவியைப் பாலீஷே எடுத்துக்கொண்டார்.

மதியத்துக்குள், தம்பி போன் போட்டு வரவழைத்த பழைய இரும்புக்காரன் வந்து நீலக் காரை இழுத்துப்போனான். தம்பி பையைத் தூக்கியபோது, இந்த இடுப்பை வைத்துக்கொண்டு எப்படி நடப்பாய், பஸ் நிலையத்தில் விடுகிறேன் என்று பாலீஷ்தான் வற்புறுத்தினார். அவள் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஒரே திருப்பலில் இன்ஜின் பிடித்தது. தம்பி ஜன்னலில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தான். மேட்டில்கூட திணறுவதில்லை, கிளட்ச் வெண்ணெய் மாதிரி என்று பாலீஷ் வழிநெடுகப் பெருமையடித்தார்.

"நல்லா ஓடுது மாமா" என்றான் தம்பி, இறங்கும்போது. "நல்லாப் பாத்துக்கிட்டிருக்கீங்க."

சொந்தக் காரின் கதவைச் சாத்துகிறவனைப் போல, சத்தம் வராமல் மெல்லச் சாத்தினான். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். அவன், தடி முன்னே போக, கூட்டத்தில் கலந்துவிட்டான்.

பாத்தியா, அவனே சொல்லிட்டான், நீதான் மனசைப் போட்டு உழப்பிக்கிட்டே என்று அவர் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். வந்ததும் க்ரீம் காரை ஷெட்டின் நடுவில் நிறுத்தினார். இனி இரண்டு பக்கக் கதவையும் தாராளமாகத் திறக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வாசலில் பாலீஷ் எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "என் மச்சினன் லேசுல யாரையும் புகழ மாட்டான் சார். அவன் வாயால நல்லா ஓடுதுன்னு வந்துடுச்சு."

அவள் மறுபடியும் போன் போட்டாள்.