இஸ்திரிப் பெட்டியில் சுட்ட நீலம்

"ஒரு பாவாடைய ஒழுங்கா வெச்சிக்கத் தெரியல, இவ கடலூரு போயி பேசிக் கிழிக்கப்போறாளாக்கும்!" என்றார் சித்தப்பா.

எங்கள் வீட்டில் எனக்கு முன்பு யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அதனால் என்மேல் சந்தேகப்பட எல்லோருக்கும் உரிமை இருந்தது.

அப்போது ஏழாம் வகுப்பு. மறுநாள் கடலூரில் பேச்சுப் போட்டி. காலை ஆறு மணிக்கு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். சீருடை சரியாக இல்லாவிட்டால் மேடை கிடையாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். இருந்ததோ ஒரே நீலப் பாவாடை. அதைக் கட்டிக்கொண்டே குளியலறைப் பாசியைத் தேய்த்தேன். பிளீச்சிங் பவுடர் தண்ணீர் தெறித்து, முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துவிட்டது.

சோப்புப் போட்டேன். ஈரத்தில் மங்கலாகத் தெரிந்த கறை, காய்ந்ததும் முன்னைவிட வெள்ளையாகப் பல்லிளித்தது. உட்கார முடியவில்லை. கொடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

அம்மா பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறவள். பூசும்போது மங்கிய ஊதாவாக இருக்கும் ஒரு பவுடர், சூளையில் வெந்து வந்தால் பளீரென்று நீலமாகிவிடும். அம்மாவின் டப்பாவில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, குழைத்து, வெளுத்த இடத்தில் பூசினேன். சூளைக்கு எங்கே போவது? இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்து அழுத்தினேன். நீலம் வரவில்லை, தீய்ந்த நாற்றம்தான் வந்தது.

வேலை முடிந்து வந்த அம்மா திட்டவில்லை. "எவ்ளோ நேரம்டி வெச்ச?"

"ரெண்டு நிமிசம்மா."

"ஆயிரத்து எரநூறு டிகிரி வேணும்டி அதுக்கு. பாவாடையும் இருக்காது, வூடும் இருக்காது!"

சிரித்துக்கொண்டே பாவாடையைத் திருப்பினாள். நான் வளர்வேன் என்று உள்ளே மடித்துத் தைத்திருந்த துணியில் ஒரு துண்டை வெட்டி, கறையின்மேல் பாக்கெட்டாக வைத்துத் தைத்தாள். மறுநாள் அதில் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு மேடை ஏறினேன். 'எங்கள் வீட்டில் விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்' என்று பெருமையாகத் தொடங்கினேன். இரண்டாம் பரிசு கிடைத்தது.

பிளீச்சிங் பவுடர் துணியில் படிவதில்லை, நிறத்தையே தின்றுவிடுகிறது; போனதை எந்தச் சூடும் திருப்பித் தராது. கல்லூரி வேதியியலில்தான் இது எனக்குப் புரிந்தது. அம்மா கேலிக்குச் சொன்னாள் என்று நினைத்திருந்த ஆயிரத்து இருநூறும் புத்தகத்தில் அப்படியே இருந்தது. கைநாட்டு வைக்கிறவளுக்கு அது தெரிந்திருக்கும் என்று மேடையில் நின்ற அந்தப் பெண்ணுக்குத் தோன்றவே இல்லை.

போன வாரம் பீங்கான் தொழில்நுட்ப மேற்படிப்பில் சேர்ந்துவிட்டேன். வகுப்பில் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். எங்கள் வீட்டிலிருந்து இந்தத் துறைக்கு வரும் இரண்டாவது ஆள் நான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.