பட்டத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள்

வியட்நாமில் ஆங்கிலம் கற்பிக்க எனக்கு வேலை கிடைத்த செய்தியை, எங்கள் ஊரான புக்கிட் ரோத்தான் பக்கத்தில் முதலில் கேட்டது ஒரு மாடு. வீட்டுக்குள் லைன் கிடைக்காது. அதனால் பந்துத் திடலின் கோல் கம்பத்தடியில் நின்றுகொண்டுதான் கைப்பேசியில் நேர்காணல் கொடுத்தேன். திரையில் இருந்த பெண்மணி, நீங்கள் வரலாம், எங்கள் பிள்ளைகளுக்கு உங்களைப் பிடிக்கும் என்று சொன்னார். நன்றி என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, அழைப்பு துண்டிக்கப்பட்டதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, கத்தினேன். புல் மேய்ந்துகொண்டிருந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. அதன் பிறகு திடல் முழுக்க ஓடினேன். கோல் போட்டவன்கூட அப்படி ஓடியிருக்க மாட்டான்.

ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். சனி, ஞாயிறுகளில் கோலசிலாங்கூரில் ஒரு டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பேன். வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் நான் உயிரோடிருப்பதுபோல் இருக்கும். இனி வாரம் முழுக்க அப்படி.

பள்ளி கேட்டதெல்லாம் என்னிடம் இருந்தது. எந்தத் துறையானாலும் பரவாயில்லை, ஒரு பட்டம். ஆங்கிலம் கற்பிக்கப் பயின்றதற்கான சான்றிதழ். போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்றுக்கு மட்டும் விண்ணப்பித்துக் காத்திருந்தேன். பட்டத்தின் நகல் செல்லாது. மூலத்தையே புத்ராஜெயாவுக்குக் கொண்டுபோய் வெளியுறவு அமைச்சில் முத்திரை வாங்கி, பிறகு அவர்கள் தூதரகத்திலும் ஒரு முத்திரை வாங்க வேண்டும். அவர்களுக்கும் சீனப் பெருநாள் சமயத்தில்தான் புத்தாண்டு. அது முடிந்ததும் வகுப்பு தொடங்கிவிடும். அதற்குள் விசா வராவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று தன்மையாகத்தான் எழுதியிருந்தார்கள். நான் அதைப் படித்துச் சிரித்தேன். வராமல் எங்கே போகும்? பட்டம்தான் வீட்டிலேயே, சாமி மேடையில், முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் இருக்கிறதே.

அங்கேதான் சிக்கல் இருந்தது.

எங்கள் வீட்டுக்குள் நல்ல காகிதம் எது நுழைந்தாலும் அம்மா அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துவிடுவார். கல்யாணப் பத்திரிகை, வீட்டுச் சாவியோடு வந்த கடிதம், அப்பாவின் லோரி லைசென்ஸ் எதுவும் தப்பியதில்லை. தோட்டத்து நாற்றுப்பண்ணையில் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே வேலை செய்கிற அம்மா, ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நான் பட்டம் வாங்கி வந்த அன்று மாலை குளித்து, புடவை மாற்றி, மஞ்சளைக் குழைத்து, மூலைக்கு ஒன்றாக நான்கு இடத்தில் வைத்தார். பிறகு சற்று யோசித்து, பல்கலைக்கழகச் சின்னத்தின் உச்சியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அதில் ஒன்றும் தவறாகப் படவில்லை. பொட்டில்லாமல் இருந்திருந்தால்தான் ஏதோ குறையாகத் தெரிந்திருக்கும்.

புத்ராஜெயாவில் முகப்பில் இருந்தது ஒரு மலாய்ப் பெண், என் வயதுதான் இருக்கும். பட்டத்தை வாங்கினாள், திருப்பினாள், விளக்கை நோக்கித் தூக்கிப் பிடித்தாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள்.

“கறியா?” என்று மலாயில் கேட்டாள்.

“குஞிட்” என்றேன். மலாயில் மஞ்சளுக்கு அதுதான் பெயர்.

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், இதில் முத்திரை குத்த முடியாது என்றாள். சின்னத்தின் மேல் சிவப்பு, மூலையெல்லாம் மஞ்சள். யாரோ எதையோ திருத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துத் தூதரகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதைவிடப் பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒன்று கேட்டு வாங்குங்கள் என்று பொறுமையாகச் சொன்னாள். கார் நிறுத்துமிடத்திலிருந்தே பல்கலைக்கழகத்துக்கு அழைத்தேன். புதிய பட்டம் தருவார்களாம். ஆனால் பழையதைக் கொண்டுவர வேண்டும். அது சேதமான விதத்தைச் சொல்லிப் போலீசில் புகார் செய்து, அதன் பிரதியையும் இணைக்க வேண்டும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அப்பா சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் லோரிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“மால போட்டுத் தேங்கா உடைக்காம விட்டாளேன்னு சந்தோஷப்படுடா” என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. பட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு புடவைத் தலைப்பால் ஒரு மூலையைத் துடைத்துப் பார்த்தார். மஞ்சள் போகவில்லை, இன்னும் கொஞ்சம் பரவியது. துடைக்காதீங்கம்மா என்று நான் பிடுங்கிக்கொண்டேன். அப்போது அவருக்கு இன்னொரு பயம் வந்தது.

“போலீஸ்ல உன் பேரு ஏறிட்டா, நன்னடத்தைன்னு எப்படித் தம்பி எழுதிக் குடுப்பான்?”

புகார் கொடுப்பவன் பெயர் ஏறினால் ஒன்றும் ஆகாது என்று விளக்கினேன். அவர் கேட்பதாக இல்லை. அடுத்த வீட்டுக்காரரின் மச்சானுக்கு என்ன ஆனது என்று ஒரு கதை சொன்னார். அதில் திருட்டு மோட்டார் ஒன்று வந்தது, மஞ்சள் வரவேயில்லை. கடைசியில், தானே வந்து சொல்லிவிடுவதாக முடிவெடுத்தார்.

காலையில், என் பட்டமளிப்புக்குக் கட்டிய அதே பட்டுப் புடவையில் புறப்பட்டு நின்றார். கைப்பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவும் இருந்தது. அப்பா காடியை எடுத்து ஓட்டினார். வழியெல்லாம் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டே வந்தார்.

நிலையத்தில் இருந்த மலாய் சார்ஜண்ட் இரண்டே விரலால் தட்டச்சு செய்பவர். என் பெயர், முகவரி எல்லாம் நிதானமாக ஏறின. சேதமான பொருள் என்ன என்றார். டிகிரி என்றேன். ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டினார். யார் சேதப்படுத்தியது என்று கேட்டார். பெற்ற தாயை எந்த வாயால் காட்டிக்கொடுப்பது?

அம்மா மேசைப் பக்கம் குனிந்தார்.

“சாயா, துவான்.” நான்தான், ஐயா.

இரண்டு விரல்களும் அந்தரத்தில் நின்றன. எதனால் என்று சார்ஜண்ட் கேட்டார். அம்மா டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தார். சாட்சிக்கு மஞ்சள் கொண்டுவந்திருந்தார். அப்பா இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

எதற்காக இப்படிச் செய்தீர்கள் ஆண்ட்டி என்று அவர் கேட்டது விசாரணையாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதுபோல்தான் இருந்தது. அம்மா தோட்டத்து மலாயில் சொன்ன பதில் இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது.

“எங்க வீட்டுக்கு வந்த மொத டிகிரி துவான். அத சும்மா எப்படி வெச்சிருக்கிறது?”

சார்ஜண்ட் டப்பாவை மூடி அம்மா பக்கம் நகர்த்தினார். பிறகு, இது வழக்கு இல்லை, வெறும் அறிக்கைதான், உங்கள் மகனின் நன்னடத்தைக்கு ஒரு கீறலும் விழாது என்றார். அம்மா அதை அவரை இன்னொரு தடவை சொல்லவைத்தார். நிம்மதியானதும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அதோடு விட்டிருக்கலாம். சார்ஜண்ட் எழுதியதை வாசித்துக்காட்டினார்: பிரார்த்தனையின்போது தாயார் தெரியாமல் மஞ்சள் பூசியதால் சேதம் ஏற்பட்டது.

“தெரியாமன்னு எழுதாதீங்க, துவான்” என்றார் அம்மா. “தெரிஞ்சுதான் வெச்சேன்.”

நான் மேசைக்கடியில் அம்மாவின் காலை மிதித்தேன். தெரிந்தே செய்தது என்று எழுதினால் வேறு மாதிரி ஆகிவிடுமே என்று சார்ஜண்ட் தலையைச் சொறிந்தார். அம்மா அசையவில்லை. கூரையைப் பார்த்து யோசித்த சார்ஜண்ட், ‘தெரியாமல்’ என்ற சொல்லை அழித்துவிட்டு ‘நல்லெண்ணத்துடன்’ என்று தட்டினார். அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. ஒரு பிரதி தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

பல்கலைக்கழக முகப்பில் அந்த அறிக்கையைப் படித்தவர் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து சிரிப்பு ஒவ்வொரு மேசையாக நகர்ந்து போவது வெளியே எனக்குக் கேட்டது. பழைய பட்டத்தின் குறுக்கே சிவப்பு மையில் ‘பத்தால்’ என்று பெரிதாகக் குத்தினார்கள். ரத்து என்று பொருள். அதை நானே வைத்துக்கொள்ளலாமா, அம்மா கேட்பார் என்றேன். கொடுத்துவிட்டார்கள்.

புதிய பட்டம் வந்ததிலிருந்து வீட்டில் அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடமாடினார். “கிட்ட வராத லா, ஆறடி தூரத்துல நின்னு பாரு” என்று அப்பா சீண்டுவார். பட்டத்தை அலமாரியின் உச்சியில் வைத்திருந்தேன். அம்மா அடுப்படி வாசலில் நின்றபடியே அதை அண்ணாந்து பார்ப்பார். ஒருமுறை அவருடைய விரல் தானாகவே நீளுவதையும், அதை அவர் மற்ற கையால் பிடித்து இறக்குவதையும் பார்த்தேன்.

புத்ராஜெயாவில் அதே பெண்தான் இருந்தாள். என்னைக் கண்டதும் புதிய பட்டத்தை வாங்கி, முதல் வேலையாக மோந்து பார்த்தாள். ஒரு வாசமும் இல்லை. பின்பக்கம் திருப்பி முத்திரையை ஓங்கிக் குத்தினாள். அந்தச் சத்தத்தை அப்படியே பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம்போல் இருந்தது. தூதரகத்திலும் குத்தினார்கள். நன்னடத்தைச் சான்றும் வந்து சேர்ந்தது. சீனப் பெருநாள் வெடிகள் இன்னும் ஓயாத ஒரு நாளில் விசா என் பாஸ்போர்ட்டில் ஏறியது. இந்த முறை கத்துவதற்குத் திடல்வரை போக எனக்குப் பொறுமை இருக்கவில்லை, வீட்டுக்குள்ளேயே கத்தினேன்.

புறப்படுகிற காலையில் சாமி மேடையைப் பார்த்தேன். முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில், ரத்தான பட்டம் பழைய இடத்திலேயே நின்றது. அம்மா அதன் முன்னால் மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, அது பத்தால் ஆயிடுச்சு. செல்லாதும்மா.”

“அது ஆபீஸ்காரனுக்கு லா” என்றார் அம்மா. சிவப்பு எழுத்தின் மேலேயே, நட்டநடுவில், ஒரு பொட்டு வைத்தார்.

வெளியே அப்பா ஹாரன் அடித்தார். அம்மா திரும்பி, விசா எப்படித்தான் இருக்கும், அந்தப் பாஸ்போர்ட்டைக் கொஞ்சம் காட்டு என்றார். விரலில் மஞ்சள் ஈரமாக இருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அம்மாவும் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். காடிக் கதவைத் திறப்பதற்குள் பிடித்துவிட்டார். பாஸ்போர்ட்டைக் கை நீளும்வரை உயரத் தூக்கிப் பிடித்தேன். இரண்டு தரம் குதித்துப் பார்த்தார். அது எட்டவில்லை.

என் நெற்றி எட்டியது.