இரண்டாகக் கழலும் கணினியோடு தாபோடிக்கு

வியாழக்கிழமை மாலை அரக்கோணத்தில் ரயில் ஏறியபோது, என் பையில் இருப்பது ஒரு பொருளா இரண்டு பொருளா என்று எனக்கே தெரியாது. கீபோர்டோடு சேர்த்தால் லேப்டாப், கழற்றினால் டேப்லெட். விலை இருபத்திரண்டாயிரம் ரூபாய். இந்த வகையில் இதைவிட மலிவாகக் கடைக்காரர் எதையும் காட்டவில்லை. பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று சொல்லியிருந்தார். அதைச் சோதித்துப் பார்க்க ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகிறேன் என்றால் சிரிக்காதீர்கள். சோதிக்கப் போவது நானல்ல, புனேயில் தாபோடியில் இருக்கும் என் அண்ணன்.

அண்ணன் பதினெட்டு வயதில் அங்கே தொழிற்சாலை வேலைக்குப் போனவர், அங்கேயே ஓய்வும் பெற்றார். மூன்று மாதத்துக்கு முன் தொண்டையில் கட்டி என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, பேச்சு மட்டும் போய்விட்டது. எழுதிக் காட்டலாமே என்று நினைப்பீர்கள். அவருக்கு எழுத வருவது தமிழ் மட்டும். அண்ணி புனேயிலேயே, பக்கத்துக் கட்கியில் பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவர். வீட்டில் தமிழ்தான் பேசுவார், ஆனால் தமிழில் ஓர் எழுத்து படிக்க வராது. அண்ணன் கைபேசியில் எழுதிப் பார்த்தார். அந்தச் சின்னத் திரை அவருடைய தடித்த விரலுக்குப் பிடிபடவில்லை. மூன்று மாதமாகக் கை ஜாடையில்தான் குடும்பம் நடக்கிறது. பெரிய திரையில் விரலால் எழுதினால் கருவி அதைப் படித்துச் சொல்லிவிடும் என்பது என் கணக்கு.

ரயிலில் முதல் குறை தெரிந்துவிட்டது. திரைக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் தகடு மேஜையில்தான் நிற்கும், மடியில் நிற்காது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் திரை மல்லாந்து படுத்தது. எதிர் இருக்கையில் இருந்த கோயம்புத்தூர்ப் பையன், புனேயில் ஐ.டி. வேலை செய்பவன், வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தான்.

"ஏனுங்க ஆன்ட்டி, இது லேப்டாப்புங்களா, டேபுங்களா?"

"அதுக்கே இன்னும் முடிவாகல தம்பி."

கீபோர்டைத் தனியே கழற்றினால் அது வெறும் பலகை, ஓர் எழுத்தும் விழாது. நாலு வேலையைச் சேர்த்துத் திறந்தால் பெருமூச்சு விட்டு நின்றுவிடுகிறது. ஜன்னல் வெயிலில் திரையில் என் முகம்தான் தெரிகிறது. சார்ஜ் மட்டும் நன்றாக நிற்கிறது.

குறைகளை எண்ணிக்கொண்டிருந்தாலும் என் காது கைபேசியிலேயே இருந்தது. நான் எப்போது ரயில் ஏறினாலும் பெரிய ஸ்டேஷன் ஒவ்வொன்றுக்கும் அண்ணனிடமிருந்து போன் வரும். "எங்க வந்துட்ட? தண்ணி வாங்க எறங்காத பாப்பா, வண்டி போயிடும்." எனக்கு ஐம்பத்து மூன்று வயது. என்னைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். ரேணிகுண்டா போனது, குண்டக்கல் போனது, ராய்ச்சூர் போனது. போன் வரவில்லை. வராது என்று தெரியும், தெரிந்தும் கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் புனே. ஐந்து ரூபாய் டிக்கெட்டில் லோனாவாலா லோக்கல் பிடித்தால் சிவாஜிநகர், கட்கி, அப்புறம் தாபோடி. பிளாட்ஃபாரத்தில் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியோடு அண்ணன் நின்றார். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் வாயைத் திறந்தார். உதடு மட்டும் 'பாப்பா' என்று அசைந்தது. நான் குனிந்து பையைச் சரிசெய்வதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மாலையில் திரையைக் கழற்றி அவர் மடியில் வைத்தேன். 'எப்படி இருக்கே' என்று விரலால் எழுதினார். கருவி ஒரு பெண் குரலில், செய்தி வாசிப்பதுபோல், அதைச் சொன்னது. ஆண் குரலைத் தேடினேன், அகப்படவில்லை.

"அரே, யாரு இவ? எங்க வூட்டுல எனக்குப் போட்டியா இன்னொருத்தியா?" என்று அண்ணி சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. தன் தொண்டையைத் தொட்டு, இல்லை என்று கையை ஆட்டினார். திரையைக் கவிழ்த்துக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். அது அவருடைய குரல் இல்லையே. அதை எப்படி நான் யோசிக்காமல் போனேன்?

"வுடு. ரிட்டர்ன் பண்ணிடு. அவருக்கு மனசு வரல," என்றார் அண்ணி.

சனிக்கிழமை காலை அண்ணி டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற அண்ணன் தொண்டையைக் காட்டிக் கையை வேகமாக ஆட்டினார்.

"ஆமாங்க, தொண்டைக்கு நல்லது. ஜாஸ்தியாவே போடறேன்," என்று அண்ணி இன்னொரு துண்டை எடுத்தார்.

அண்ணன் விடுவிடுவென்று உள்ளே போய்த் திரையை எடுத்துவந்தார். நின்றபடியே எழுதி அழுத்தினார். குக்கர் விசிலில் ஒன்றும் கேட்கவில்லை. இதன் ஸ்பீக்கர் அத்தனை சோப்ளாங்கி. விசில் அடங்கட்டும் என்று காத்திருந்து, அண்ணியின் காதருகே பிடித்து மறுபடி அழுத்தினார்.

"இஞ்சி போடாதே. மூணு மாசமா அதைத்தான் சொல்றேன்."

அண்ணி இஞ்சியும் கையுமாக அப்படியே நின்றார். "இன்னாங்க நீங்க! போடு போடுன்னு சொல்றீங்கன்னு நெனச்சி தினம் தினம் ஏத்திக்கினே போனேனே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. "எவ்ளோ நாளாச்சி நீங்க என்னைத் திட்டி" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் அவர் தோளில் கை வைத்து நின்றார். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்று முழுக்க அந்தச் செய்தி வாசிப்புக் குரல் வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது. மின்விசிறியைக் குறைக்கச் சொன்னது. கத்தரிக்காய் பாஜி வேண்டாம் என்றது. ஒரு மராத்திக்காரரைப் பற்றி எனக்கு இன்னும் பிடிபடாத கதையைச் சொல்லி அண்ணியைச் சிரிக்கவைத்தது.

ஞாயிறு மதியம் புறப்பட்டேன். திருப்பித் தருவதா வேண்டாமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அண்ணி சப்பாத்தி டப்பாவைப் பையில் வைத்தார். அண்ணன் கீபோர்டை எடுத்துவந்து டப்பாவுக்குப் பக்கத்தில் செருகினார். தனக்கு அது எதற்கு என்பதுபோல் விரலைக் காட்டிக் கண்ணடித்தார். பாதிக் கருவியை எந்தக் கடைக்காரரும் திரும்ப வாங்க மாட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

புனேயிலிருந்து தவுண்ட் எழுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். அங்கே வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். நல்ல வெயில், தாகம். கைபேசி அடித்தது. அண்ணனின் எண். எடுத்ததும் யாரோ போனை எதற்கோ பக்கத்தில் நகர்த்தும் சத்தம். பிறகு அந்தப் பெண் குரல், நிறுத்தி நிதானமாக:

"பாப்பா. எங்க வந்துட்ட?"

"தவுண்ட்ல இருக்கேன்ணா," என்றேன்.

மறுமுனையில் விரல் எழுதிக்கொண்டிருந்தது. நான் காத்திருந்தேன்.

"தண்ணி வாங்க எறங்காத. வண்டி போயிடும்."

பிளாட்ஃபாரத்துக் கடையில் பாட்டிலுக்குக் கை நீட்டியிருந்த நான், அதை அப்படியே விட்டுவிட்டு ஓடிப் போய் ஏறினேன்.