திறந்து கிடந்த மைக்

கொரோனா சமயத்தில் தூத்துக்குடியில் எங்கள் கருப்பட்டிக் கடையின் பின்னறைதான் என் பள்ளிக்கூடம். செல்போனில் கணக்கு சார், "கேமராவ ஆன் பண்ணு, முகத்தக் காட்டு" என்றது கடையிலிருந்த அப்பாவின் காதில் விழுந்துவிட்டது.

"ஏளா, எவன் அவன், மூஞ்சியக் காட்டச் சொல்லுதான்?"

"சாருப்பா" என்பதற்குள் உள்ளே வந்து அறைந்தார். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். உதட்டு ரத்தம் திரையில் சொட்டியது. மைக் திறந்தே கிடந்ததால் வகுப்பு முழுக்கக் கேட்டது.

சார் செருமினார். "யார் வீட்டுல சத்தம்? மைக்க ஆஃப் பண்ணுங்க, பாடம் நடத்தணும்லா."

குரலில் வாத்தியாரைக் கண்டுகொண்டதும் அப்பாவின் கை இறங்கியது. "சரிங்க சார்" என்றார், அத்தனை பணிவாக. என் பக்கம் திரும்பினார். "சார் சொல்லுதாருல்லா, அணைளா."

அணைத்தேன். பெல்ட்டை உருவினார்.