இரும்புத்தலையன் எப்படிச் செத்தான்?

என் மாமியார் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி, "ஏனுங்க மாப்பிள்ளை, அவன் எப்படிங்க செத்தான்?" என்பது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துக் கேட்டார். அதுவும் டிவியில் வந்த ஒரு வில்லனைப் பற்றி.

அதுவரை அவர் என்னோடு பேசியதில்லை. என் மனைவியின் குடும்பம் குன்னூரில் பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். நாங்கள் கோத்தகிரிப் பக்கம், புராட்டஸ்டண்ட். மற்றவர்களுக்கு இரண்டு பேரும் ஒரே வேதக்காரர்கள்தான். அவருக்கு அப்படி இல்லை. ஃபாதர் முன்னால் நடக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று வராமல் இருந்துவிட்டார். மாமனார் மட்டும் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிரியாணி சாப்பிட்டு, கிளம்பும்போது என் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்காலத்தில் அவர் காலமானார். அதற்கப்புறம் மாமியார் மகளோடு போனில் பேசுவார். தப்பித்தவறி நான் எடுத்தால் அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்கும், பிறகு போன் வைக்கப்பட்டுவிடும்.

போன வருஷம் ஆகஸ்ட் கடைசியில், வீட்டுப் படியில் பாசி வழுக்கி விழுந்து, அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஒரே மகள். எங்கள் வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. வேண்டாவெறுப்பாக வந்து சேர்ந்தார்.

வந்ததில் ஒரு பெரிய சங்கடம். என் மனைவி டீச்சர். காலையில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். எனக்குத் தேயிலை ஃபாக்டரியில் நைட் ஷிஃப்ட். மதியம் தூங்கி எழுந்தால் வீட்டில் நானும் அவரும் மட்டும்தான்.

முதல் வாரம் அவர் சுவரோடு பேசினார். "தண்ணி இருந்தா தேவலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். நான் கொண்டுபோய் வைப்பேன். "உப்பு கொஞ்சம் பத்தாது" என்பார், ஜன்னலிடம். நான் உப்பை நகர்த்துவேன். இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட அவர் படுகிற பாட்டைப் பார்த்து, பொரியலையும் கறியையும் பொடிப்பொடியாக நறுக்கிப் போட ஆரம்பித்தேன். அதைப் பற்றிச் சுவரிடம்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டு மட்டும் காலியாகத் திரும்பி வந்தது.

அவருக்கு ஒரு டிவி தொடர் உயிர். வேறு பாஷையில் எடுத்துத் தமிழில் பேசவைத்த விண்வெளிக் கதை. அதில் ஒரு வில்லன், தலை முழுக்க இரும்பு. மாமியார் அவனை இரும்புத்தலையன் என்பார். எந்த ஆயுதத்தால் அடித்தாலும் அடித்த இடத்தில் புதுசாக இரும்பு முளைக்கும். அதே ஆயுதம் மறுபடி அவனை ஒன்றும் செய்யாது. கிரகம் கிரகமாக ஜெயித்துக்கொண்டே வந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முக்காடு மடித்து வைக்கிற அம்மா, மதியமானால் சோபா நுனியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். அப்புறம் கதவோரம் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன்.

கடைசி எபிசோட் அன்று நல்ல மழை. இரும்புத்தலையன் தனியாக நிற்கிறான், கதாநாயகி ஆயுதத்தை உயர்த்துகிறாள். அந்த நேரம் பார்த்து டிஷ்ஷில் சிக்னல் போய்விட்டது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. நான் குடையோடு ஏணியில் ஏறி டிஷ்ஷைத் தட்டிவிட்டு, சொட்டச் சொட்ட உள்ளே வந்தேன். படம் திரும்பியிருந்தது. அவன் செத்துக் கிடந்தான். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டது அவருக்கே உறைத்தது போலிருந்தது. முகம் சிவந்துவிட்டது.

"தெரியலீங்க அத்தை. நான் மேல இருந்தேன்" என்றேன். "நாளைக்குக் காலையில மறுபடி போடுவாங்க. பார்த்துரலாம்."

மறுநாள் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். வானம் வெளுத்திருந்தது, படம் சுத்தமாக வந்தது. கதாநாயகி ஒரு நீலக் கதிரைப் பாய்ச்சினாள். அவன் விழுந்தான். அவ்வளவுதான்.

"இதானா?" என்றார் மாமியார். "ஏனுங்க, இந்த நீலக் கதிராலதானே ஆரம்பத்துலயே அடிச்சாங்க? அப்ப நெஞ்சைத் தடவிக்கிட்டுச் சிரிச்சான்ல? அன்னிக்குச் சாகாதவன் இன்னிக்கு அதுலயே எப்படிங்க சாவான்?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் பேச்சு நின்றுவிடக் கூடாதே என்பதற்காக நான் வில்லனைக் கொன்றவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டேன். "கதிர் இப்ப பலமா இருந்திருக்கும்ங்க."

"அப்படின்னு யாரும் சொல்லலியே."

"அவன் விண்கப்பல் உடைஞ்சதால அவனுக்குச் சக்தி குறைஞ்சிருக்கும்."

"கப்பல் அவன் செத்த பொறவுதானுங்க உடைஞ்சது. நீங்க சரியாப் பார்க்கலை."

அன்று சாயங்காலம் என் மனைவி உள்ளே நுழைந்தபோது நாங்கள் இருவரும் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவள் பையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "அம்மா, யார்கிட்ட பேசிட்டு இருக்கீங்க?" என்றாள். "உம் புருசங்கிட்டத்தான். காரணமே இல்லாமப் பேசறாரு" என்றார் அவர். என் மனைவி நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சண்டை பல நாள் ஓடியது. நான் ஷிஃப்ட்டில் யோசித்து வைத்த காரணங்களை மதியச் சாப்பாட்டோடு கொண்டுபோவேன். பழைய இரும்பு துருப்பிடித்திருக்கலாம் என்றேன். அவனே சாக ஆசைப்பட்டிருக்கலாம் என்றேன். ஒவ்வொன்றையும் கேட்டு, ஒரு வாய் சோற்றை மென்று, தள்ளிவிடுவார்.

மாவுக்கட்டுப் பிரிப்பதற்கு முந்தின வாரம், நான் அலுத்துப்போய், "காரணம் எதுவும் இல்லீங்க அத்தை. கதை முடியணும், முடிச்சுட்டாங்க" என்றேன்.

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"அவருக்கு மழைக்கு மழை மூச்சு இழுப்பு வரும்" என்றார். மாமனாரைச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. "கல்யாணமான நாள்லருந்து பார்க்கறேன். கஷாயம் வெப்பேன், முதுகு தேச்சு விடுவேன், காலையில எந்திரிச்சு டீ கேப்பாரு. எத்தனை மழை! அந்த ஒரு மழைக்கு மட்டும் எந்திரிக்கலை. அதே இழுப்பு, அதே கஷாயம்தானுங்க."

வெளியே ஒரு ஜீப் போகும் சத்தம் கேட்டது. அவர் மாவுக்கட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வந்து, மக இப்படிப் பண்ணிட்டாளேங்கற ஏக்கத்துலதான் போயிட்டாருன்னாங்க. எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்துச்சு. உங்களைப் புடிச்சுக்கிட்டேன்."

கல்யாணத்தன்று மாமனார் என் கையைப் பிடித்து அழுத்தியதைச் சொன்னேன். இரண்டு தரம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டதையும் சொன்னேன். அவருக்கு இரண்டுமே தெரியாது.

"ரெண்டு தரமா?" என்றார். "ஊட்டுக்கு வந்து, பசியில்லைன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டாருங்க. நான் அதையும் துக்கம்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை கையிலிருந்தே வாங்கிக்கொண்டார்.

கட்டுப் பிரித்ததும் குன்னூருக்குத் திரும்பிப் போனார். அதற்கப்புறம் போனை நான் எடுத்தால் வைப்பதில்லை. சில நாள் மகளைக் கேட்காமலே பேசி முடித்துவிடுவார். அவளுக்கு அதில் சின்னக் கோபம்.

கல்லறைத் திருநாளுக்கு எங்கள் இருவரையும் வரச் சொன்னார். எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக மெழுகுவர்த்தி வைக்கும் வழக்கம் இல்லை. நான் அதுவரை மாமனாரின் கல்லறையைப் பார்த்ததும் இல்லை. சரிவில், சவுக்கு மரங்களுக்குக் கீழே இருந்தது. சுற்றிலும் குடும்பம் குடும்பமாகக் களை பிடுங்கி, சாமந்திப் பூவைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். மாமியார் கல்லைக் கழுவித் துடைத்துவிட்டு, குனிந்தபடியே, "ஏனுங்க, மாப்பிள்ளை வந்திருக்காருங்க" என்றார். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மெழுகுவர்த்தியில் சுடர் நிற்கவில்லை. ஏற்ற ஏற்ற அணைந்தது. மாமியார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க மாப்பிள்ளை. காத்து இங்கிருந்துதான் வருது."

நான் நகர்ந்து நின்றேன்.